கடிகாரம் ஏன் கை மாறியது

எனக்கு 62 வயது. போன வருடம் மாடிப்படியில் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். இந்த வயதில் விழுவது அதிசயமில்லை. ஆனால் விழுந்ததை இரண்டு நாள் யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்தேன் பாருங்கள், அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

எப்படி விழுந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். எனக்கு 43 வயதில் வெள்ளெழுத்து வந்தது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயதாக ஆக இறுகிப்போய், பக்கத்தில் உள்ளதைப் பார்க்க முன்போல வளைந்து கொடுக்காது, அதுதான் வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். ரொம்ப வருடம் படிக்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்திருந்தேன். மாற்றி மாற்றிப் போடுவது தொல்லையாக இருக்கிறதே என்று, மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாக ஒரே கண்ணாடியில் இரண்டும் இருக்கும் பைஃபோகல் வாங்கினேன். வாங்கி பத்து நாள்கூட ஆகவில்லை.

அந்தக் கண்ணாடியோடு படி இறங்கும்போது என்ன ஆகிறது தெரியுமா? குனிந்து பார்க்கிற கண், கீழ்ப் பாதி வழியாகத்தான் பார்க்கிறது. அந்தப் பாதி, கையில் பிடித்திருக்கும் புத்தகத்துக்காகச் செய்தது. கால் இருக்கிற தூரமோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு. படியின் விளிம்பு மங்கலாகி, எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. 2002இல் ஆஸ்திரேலியாவில் இதை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இந்த மாதிரிக் கண்ணாடி போடுகிற முதியவர்கள் விழும் வாய்ப்பு, போடாதவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்திருக்கிறது. கண்ணாடி கொடுத்தவர்கள் இதில் ஒரு வார்த்தைகூட எனக்குச் சொல்லவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இப்போது படி ஏறி இறங்குவதற்கும் வெளியே நடப்பதற்கும் பழைய தூரக் கண்ணாடியைத்தான் போடுகிறேன்.

அன்று மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை மடித்து, இரண்டு கையிலும் அணைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசிப் படியைத் தரை என்று நினைத்துவிட்டேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத அந்த ஒரு கணம் இருக்கிறதே, அது மட்டும் ரொம்ப நீளமாக இருந்தது. அப்புறம் இடது கையை ஊன்றினேன், ஒரு குச்சியை ஈரத்தோடு ஒடித்த மாதிரி சத்தம் கேட்டது.

எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தது. இரண்டாவது காரியம், சிதறிக் கிடந்த துணிகளைப் பொறுக்கி வலது கையால் ஒவ்வொன்றாகத் திரும்ப மடித்து வைத்தது. விழுந்ததற்கான அடையாளம் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று தோன்றியது. வலி உயிர் போகிறது, நான் உட்கார்ந்து துண்டின் ஓரங்களைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

அன்று இரவு மகள் போன் செய்தாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

மற்ற தவறுகளை எல்லாம் நாம் தாராளமாகச் சொல்கிறோம். அடுத்த அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பது. மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவது. நாக்கின் நுனியில் நிற்கிற பெயர் மூன்று மணி நேரம் கழித்துக் குளிக்கும்போது வந்து விழுவது. பேத்தியைக் கூப்பிட, மகள் பெயர், தங்கை பெயர் எல்லாம் வரிசையாக வந்து கடைசியில் அவள் பெயர் வருவது. நாலு பேர் கூடினால் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். விழுந்ததை மட்டும் சொல்வதில்லை. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் சொல்வதைப் பார்த்தால், 65 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள், அவர்களில் பாதிப் பேர்கூட அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. இதைப் படித்தபோது முகம் தெரியாத அத்தனை பேரும் என்னைப் போலவே துணி மடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

ஏன் மறைத்தேன் என்று எனக்கே நன்றாகத் தெரியும். சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். 'இனிமேல் மாடிக்குப் போகாதே, தனியாக வெளியே போகாதே, இந்த வீடு உனக்கு எதற்கு, எங்களோடு வந்துவிடு.' எல்லாமே அன்பில் வருகிற பேச்சுத்தான், அதில் சந்தேகமே இல்லை. இத்தனை துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், இதே வரிகளை நான் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது இருக்கும். ஒருநாள் வாசலில் கால் தடுக்கிவிட்டது என்று அவளே வந்து சொன்னாள். கீழேகூட விழவில்லை. அன்று மாலையே அவள் அறையை மாடியிலிருந்து கீழே மாற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக மரம் தெரியும் அறை அது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று மட்டும் கேட்டாள்.

சரி, என் கைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மகள் வீடியோவில் பேசினாள். நான் எப்போதும் போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவள். பேச ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "அம்மா, ஏன் வலது கையில போனைப் பிடிச்சிருக்க? இடது கையக் காட்டு" என்றாள். நான் பேச்சை மாற்றினேன். "கையக் காட்டும்மா." காட்டினேன். அவள் கத்தவில்லை. அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, விழுந்தபோதுகூட வராத அழுகை.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பு உடைந்து பின்பக்கமாகத் தள்ளியிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் கை, முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வளைவோடு இருந்தது. இதற்குக் கோலிஸ் முறிவு என்று பெயராம். அயர்லாந்தைச் சேர்ந்த ஆபிரகாம் கோலிஸ் என்ற அறுவை மருத்துவர் 1814இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895இல்தான். அதற்கு 81 வருடத்துக்கு முன்னால், வெளியிலிருந்து கண்ணால் பார்த்தும் தடவிப் பார்த்துமே ஒருவர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார் என்பது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பார்த்தால் தெரிகிற விஷயம்தான் அது.

மருத்துவர் பொறுமையான பெண். "கையை ஊன்றினீங்களே, அது ஒரு வகையில நல்லது" என்றார். அறுபதுகளில் விழுகிறவர்கள் சட்டென்று கையை நீட்டிவிடுகிறார்கள், அதனால் மணிக்கட்டு உடைகிறது. இன்னும் வயதானால் கை நீளும் வேகம் குறைந்துவிடுகிறது, நேரே இடுப்பில் விழுகிறார்கள். இடுப்பு எலும்பு உடைவதுதான் ஆளைப் படுக்கையில் போடுவது. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது, இந்த முறிவை ஒரு முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும், இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்வது. அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்று கணக்கு. எனக்கு மைனஸ் 2.7. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், கால்களுக்கு வலுவேற்றுகிற பயிற்சி செய்கிறேன், ஒற்றைக் காலில் நின்று பழகுகிறேன். மறைத்த அந்த இரண்டு நாளை இன்னும் இரண்டு வாரமாக்கியிருந்தால் எலும்பு கோணலாகவே ஒட்டியிருக்கும் என்று அவர் சொன்னபோது, ஏனோ தெரியவில்லை, வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அப்போது அதற்குக் காரணம் புரியவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் வந்து இரண்டு வாரம் இருந்தாள், அதற்குமேல் அவளுக்கு விடுப்பு இல்லை. ஒரு கையோடு வாழ்வது எப்படி என்று கற்றுக்கொண்டேன். பற்பசையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி மூடியைத் திருகுவது. சட்டைப் பொத்தானைக் கட்டைவிரலால் மட்டும் தள்ளி உள்ளே விடுவது. பூட்டைத் திறக்க இடுப்பால் கதவை முட்டுக்கொடுப்பது. ஒவ்வொன்றையும் நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் ஒரு சின்னத் துண்டை அலசினேன். ஒரு கையால் எப்படிப் பிழிவது? யோசிக்காமலே கை தானாகத் துண்டைக் குழாயில் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து முறுக்கியது. தண்ணீர் ஓடியது. அப்படியே நின்றுவிட்டேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அம்மா கடைசி வருடங்களில் இப்படித்தான் பிழிவாள். "குழாய் ஆடிப்போயிடும்மா, ஏன் இப்படிப் பண்ற?" என்று நான் அலுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. "இப்படிப் பிழிஞ்சா சீக்கிரம் காயுதுடி" என்பாள்.

குழாயைப் பிடித்தபடி நின்ற அந்த நேரத்தில் ஒவ்வொன்றாக வந்தது. அம்மாவின் இடது மணிக்கட்டில் ஒரு மேடு இருக்கும். நான் பார்த்திருக்கிறேன், வயதானால் எலும்பு துருத்தும் என்று நினைத்திருக்கிறேன். பாத்திரம் தூக்கினால் இடது கையைச் சும்மா அடியில் கொடுப்பாள், பிடிக்க மாட்டாள். இடது கையில் கட்டிக்கொண்டிருந்த கடிகாரத்தை ஒருநாளிலிருந்து வலது கையில் கட்ட ஆரம்பித்தாள். அதைக்கூட நான் கவனித்திருக்கிறேன். கவனித்ததோடு சரி, ஏன் என்று கேட்கவில்லை. அறையை மாற்றிய பிறகு நடந்தது என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் அந்தக் கீழ் அறையில் உட்கார்ந்து அவள் வலது கையில் அந்தச் சின்ன வாரைப் போடத் தடுமாறுவது கண்ணுக்குள் இருக்கிறது. எங்கோ விழுந்திருக்கிறாள். அந்த வலியை எத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டாளோ. என்னிடம் சொன்னால் அடுத்து எதை எடுத்துக்கொள்வேனோ என்று பயந்திருக்கிறாள், என் அம்மா, நான் மகள்.

மாவுக்கட்டு பிரித்த அன்று கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், துண்டு, கடிகாரம் எல்லாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சரிம்மா, நீ விழுந்தா என்கிட்ட சொல்லு, நான் உன்னைக் கேக்காம எதையும் மாத்த மாட்டேன்" என்றாள். போன மாதம் குளியலறையில் லேசாக வழுக்கியது, அன்றே சொன்னேன். கைப்பிடிக் கம்பி எங்கே வைக்கலாம் என்று என்னையே கேட்டாள். நான் சொன்ன இடத்தில்தான் வைத்திருக்கிறோம். இன்னும் மாடியில்தான் தூங்குகிறேன்.

அம்மாவின் கடிகாரம் என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது, நின்றுபோய் ரொம்ப வருடம் ஆகிறது. எடுத்துப் பார்த்தேன். தோல் வாரில் ஒரு துளை நன்றாகத் தேய்ந்து நீளமாகியிருக்கிறது, அது பழைய இடது கைக்கு. அதற்கு அடுத்தது அவ்வளவாகத் தேயாத துளை, ஆனால் அதைச் சுற்றி நகம் பட்ட கீறல்கள் நிறைய. என் இடது கையால் அதை வலது கையில் கட்டிப் பார்த்தேன். விரல்கள் இன்னும் சரியாக மடங்காததால் கொக்கியைக் கோக்கவே ரொம்ப நேரம் பிடித்தது.