கார்கசோன் செயலி: ஆட்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறார்கள்

கேள்வி: கார்கசோன் என்பது சாலை, நகரம், வயல், மடம் வரைந்த சதுர டைல்களை அடுக்கி, அவற்றில் ஆள் காய்களை வைத்துப் புள்ளி சேர்க்கும் பலகை விளையாட்டு. அதன் செயலியில் பாதி டைல்கூட போடவில்லை, அதற்குள் 7 ஆட்களும் பலகையில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கே தவறு?

பதில் 1: பெரும்பாலும் வயல்தான். அங்கே படுக்கவைத்தவர் ஆட்டம் முடியும்வரை கைக்குத் திரும்பமாட்டார். தொடக்கத்தில் ஒருவர் போதும். வயலைத் தொடும் ஒவ்வொரு முடிந்த நகரத்துக்கும் 3 புள்ளி கடைசியில்தான் வரும். பெரிய நகரத்துக்கும் ஆசைப்படாதீர்கள். 2 டைலில் மூடினால் 4 புள்ளி, ஆளும் உடனே திரும்புவார்.

பதில் 2: மீதமுள்ள டைல் பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 72. நாலுபக்கமும் சாலை கேட்கும் இடத்துக்கு ஒரே ஒரு டைல், நாலுபக்கமும் நகரத்துக்கும் ஒன்றே. அது போய்விட்டால் அங்கே நிற்கும் ஆள் முடங்கினார். எதிராளியை இப்படி முடக்கலாம் (கொஞ்சம் கொடூரம்தான்!). மடங்கள் 6, சுற்றி 8 இடமும் நிரம்பினால்தான் ஆள் விடுபடுவார், அதனால் மடத்தை ஏற்கெனவே டைல்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் வையுங்கள்.

பதில் 3: எதிராளியின் நகரத்தில் நேரடியாக ஆள் வைக்கமுடியாது. தனி நகரத் துண்டில் வைத்து, பிறகு அதை அவர் நகரத்தோடு இணையுங்கள். அங்கே இருவரின் ஆட்கள் எண்ணிக்கை சமமானால் இருவருக்கும் முழுப் புள்ளி.