சூடேறினால் ஸ்ராட் ஆகாத எல்.என். 106 கெப்: எஞ்சினைக் கழற்றத்தான் வேண்டுமா?

ஒட்டுசுட்டான் வயற்காரன்:

வணக்கம். வாகனம் 1993ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப், எல்.என். 106. 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி, நாலு சில்லும் இழுக்கும். இலங்கையில் வாகன இறக்குமதி நின்றிருந்த ஐந்து வருடத்தில் பழைய கெப்புகளின் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் புதியதின் விலை எனக்கு எட்டாது. ஆகவே இதையே திருத்தி ஓட்டுவது என்று முடிவு.

பின்பக்கம் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேசியைத் துரு தின்றிருந்தது. வெட்டி எடுத்துத் தகடு வைத்து ஒட்டியாயிற்று. பெட்டியின் அடித்தகடு புதியது. ரைமிங் பெல்ற் கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியவில்லை, அதனால் அதையும் மாற்றினேன்.

இப்போது பிரச்சினை. காலையில் ஹீற்றர் விளக்கு அணைந்ததும் ஒரே அடியில் ஸ்ராட் ஆகும். அரை மணித்தியாலம் ஓடி, நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. புகைக்குழாயில் புகையும் வராது, வந்தால் கொஞ்சம் வெள்ளையாக வரும். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்ராட் ஆகும். போன கிழமை முத்தையன்கட்டுப் பக்கம் வயலுக்குள் நின்றுவிட்டது. நாலு சில்லு இழுக்கும் கெப்பை இரண்டு சில்லு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் இழுத்துக்கொண்டு வந்த கதையை ஊர் இன்னும் விடவில்லை.

பற்றறி, நாலு ஹீற்றர் பிளக், டீசல் பில்ரர் மூன்றும் புதியவை. ஸ்ராட்டரும் கழற்றிச் செய்தாயிற்று. கராச்சில், கொம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு) போய்விட்டது, எஞ்சினைக் கழற்றி பிஸ்டன் ரிங் போட வேண்டும் என்கிறார்கள். சொன்ன தொகையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. கழற்றத்தான் வேண்டுமா? கழற்றினால் அதோடு ஒரு டேர்போவும் போட்டுவிடலாமா?

அட்டன் மலைக்காரன்:

அண்ணே, காசைக் கொட்டுவதற்கு முன்னால் காத்து இழுக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியும் இதே மாடல்தான், தோட்டத்து ரோட்டில் ஓடுகிறது. எனக்கு ஒரு தடவை டாங்கியிலிருந்து பில்டருக்கு வரும் ரப்பர் குழாயில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. டீசல் வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் உள்ளே காத்தை இழுத்துக்கொள்ளும்.

பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரித் தெரியும் குழாய் ஒரு முழம் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் காத்துதான். நின்றுபோன நேரத்தில் பில்டர் தலையில் இருக்கிற கைப் பம்பையும் அமுக்கிப் பாருங்கள். அமுக்கின பிறகு ஸ்டார்ட் ஆனால் நான் சொன்னது சரி.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:

சிலிண்டர் ஹெட் வெடித்திருக்கலாம். சூடேறினால் வெடிப்பு விரியும், ஆறினால் மூடும். வெள்ளைப் புகை என்றும் சொல்கிறீர்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா?

ஒட்டுசுட்டான் வயற்காரன்:

தண்ணீர் குறையவில்லை. மூன்று மாதமாக ஒரு கோப்பை கூட ஊற்றவில்லை. மூடியைத் திறந்துவிட்டு ஓடவிட்டேன், குமிழியும் இல்லை.

அட்டன் தம்பி சொன்ன குழாயும் போட்டேன். சூட்டில் நின்றுபோன நேரம் அந்தக் குழாய் நிறைய டீசல், ஒரு குமிழி கூட இல்லை. கைப் பம்பை அமுக்கியும் பிடிக்கவில்லை.

பழைய பம்ப்காரன்:

தம்பி, எஞ்சினைக் கழற்றாதேயும். நான் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் டீசல் பம்ப் செய்தவன். இப்போது கண் தெரியாததால் பேரன்தான் தட்டச்சுச் செய்கிறான்.

நீர் எழுதினதிலேயே விடை பாதி இருக்கிறது. ரிங் தேய்ந்து கொம்பிரசன் போன டீசல் எஞ்சின் விடியற்காலைக் குளிரில்தான் அடம்பிடிக்கும். சூடேறினால் அதுக்குச் சுகம். உம்முடையது நேர் தலைகீழ். அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது டீசல் பம்ப்.

அந்தப் பம்புக்குள்ளே ஒரே ஒரு பிளஞ்சர், முன்னும் பின்னும் ஓடுகிற சின்னத் தண்டு, அதுதான் நாலு சிலிண்டருக்கும் டீசலை அடிக்கிறது. அதுக்கு ரிங்கும் இல்லை, சீலும் இல்லை. பம்பின் ஹெட்டுக்குள்ளே இறுக்கமாகப் பொருந்தி ஓடுகிற அந்தப் பொருத்தம்தான் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. பிளஞ்சரில் கீறல் விழுந்தால் டீசல் பக்கத்தால் நழுவும். குளிர்ந்த டீசல் தடிப்பு, அவ்வளவாக நழுவாது. சூடான டீசல் தண்ணீராக ஓடும். ஸ்ராட்டர் சுற்றுகிற அந்த மெல்லிய வேகத்தில் இன்ஜெக்ரர் திறக்க வேண்டிய நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தம் வராது. எஞ்சின் பிடித்து ஓடத் தொடங்கிவிட்டால் நழுவ நேரம் இல்லை, அதனால் ஓடும்போது குறை தெரியாது.

சோதனை சும்மா செய்யலாம். சூட்டில் நின்றுபோனதும் ஒரு சாக்கை நனைத்து அந்தப் பம்பின் மேலே சுற்றும், ஹெட் பக்கம், இன்ஜெக்ரர் குழாய் நாலும் புறப்படுகிற இடம். அதன்மேல் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் விடும். மற்ற எஞ்சினில் தண்ணீர் படக் கூடாது, பம்ப் மட்டும்தான் ஆற வேண்டும். பிறகு திறப்பைத் திருப்பும். ஒன்று கவனம்: எஞ்சின் ஓடும்போது ஊற்றிப்போடாதேயும், பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும்.

சாக்குக்கு முதல், பம்பின் மேலே வயர் போகிற டீசல் வெட்டுகிற சோலனோயிட்டைப் பாரும். திறப்பைப் போடும்போது சின்னதாக 'டிக்' என்று கேட்க வேண்டும். சூட்டில் அதன் சுருள் அறுந்தாலும் இதே கூத்துத்தான். அது சின்னச் செலவு.

இன்னும் ஒன்று. விற்றவரைக் கேளும், 2022இல் என்ன ஊற்றி ஓட்டினவர் என்று. டீசல் 400 ரூபாய்க்கு மேலே, மண்ணெண்ணெய் 87 ரூபாய். ஆவணியில் அதை 340 ஆக்கும்வரை கலக்காதவர்கள் குறைவு. அந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் காணாது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டாத வாகனமா? பிறகு அந்தப் பம்புகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன.

ஈதர் ஸ்பிரே மட்டும் அடிக்காதேயும். ஹீற்றர் பிளக் சிவந்திருக்கும்போது அடித்தால் பிஸ்டனை உடைக்கும்.

ஒட்டுசுட்டான் வயற்காரன்:

ஐயா, இன்று மத்தியானம் செய்தேன். மாங்குளம் போய்த் திரும்பி, வேலிக்குள் விட்டு நிறுத்தினேன். பதினைந்து நிமிடம் கழித்துச் சுற்றினேன், பிடிக்கவில்லை. சோலனோயிட் 'டிக்' என்கிறது, 12 வோல்ற்றும் வருகிறது. அரிசிச் சாக்கை நனைத்துச் சுற்றி, கேத்தலால் இரண்டு தரம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் சாக்கிலிருந்து ஆவி வந்தது, பிறகு நின்றுவிட்டது. கையை வைத்துப் பார்த்தேன்: பம்ப் ஆறியிருந்தது, பக்கத்தில் எஞ்சின் புளொக் தொட முடியாத சூடு. திறப்பைத் திருப்பினேன். இரண்டு சுற்று, ஸ்ராட்!

நம்ப முடியாமல் நாளைக்கும் ஒரு தரம் செய்து பார்க்கப் போகிறேன்.

விற்றவருக்கும் எடுத்தேன். கொஞ்சம் இழுத்து, "பாதிக்குப் பாதி கலந்தனான், எல்லாரும் கலந்தவைதானே" என்றார்.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:

சரி, நான் தோற்றேன். இருந்தாலும் கொம்பிரசனை ஒருமுறை அளந்துவிடுங்கள். ஹீற்றர் பிளக் கழற்றிய துளையிலேயே மீற்றர் போடலாம், எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. 3எல்லுக்கு சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது, நாலுக்கும் இடையில் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசமும் இருக்கக் கூடாது.

பம்பை இங்கே பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வாங்கலாம் என்று நினைத்தால் ஒரு சொல். வெளியே பார்த்தால் 2எல், 3எல் பம்புகள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தகட்டில் உள்ள இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதுவும் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றியதாக இருக்கலாம். என்னைக் கேட்டால் உங்களுடையதையே செய்வியுங்கள்.

பழைய பம்ப்காரன்:

அதுதான் சரி. பம்பின் ஹெட்டும் பிளஞ்சரும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. ரெஸ்ற் பெஞ்சில் போட்டு அளவு பார்க்கிற இடத்துக்கே கொடும். இன்ஜெக்ரர் நாலையும் அதோடு கொடுத்து அழுத்தம் பார்ப்பியும்.

டீசல் ராங்கியையும் இறக்கிக் கழுவும். அடியில் நிற்கிற துருவும் தண்ணீரும் புதிய பிளஞ்சரையும் கீறும். அதைச் செய்யாமல் பம்புக்குக் காசு கொடுக்காதேயும்.

பூட்டும்போது ரைமிங் பெல்ற் மறுபடி கழரும். புள்ளிக்குப் புள்ளி வைத்து, மெக்கானிக்கைக் கொண்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் திறப்பில் கை வைக்க வேண்டும்.

டேர்போ வேண்டாம் தம்பி. அந்த எஞ்சினின் கொம்பிரசன் விகிதம் 22க்கு 1. டேர்போ வைத்துக் கட்டினது இல்லை. அதே குடும்பத்தில் டேர்போவோடு வந்த 2எல்-டி ஹெட் வெடிப்புக்குப் பெயர் எடுத்தது. இழுவை காணாது என்றால் பிறகு ஒரு நாள் 5எல் எஞ்சின் தேடும், 2986 சிசி, அதே குடும்பம். ஆனால் எஞ்சின் இலக்கம் மாறும், பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

அட்டன் மலைக்காரன்:

டேர்போ காசுக்கு முன்சில்லு ஹப்பைக் கழட்டி நல்ல கிரீஸ் போடுங்கண்ணே. சேற்றுத் தண்ணிக்குள் இறங்குகிற வண்டி.

ஒட்டுசுட்டான் வயற்காரன்:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். கொம்பிரசன் 29, 28, 29, 27. கராச்காரருக்குக் காட்டினேன், "அப்ப சரி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பம்ப் திரும்பி வந்தது. பழைய பிளஞ்சரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சுண்டுவிரல் அளவு இரும்பு, கண்ணாடிபோல் மினுங்குகிறது. வெயிலில் சரித்துப் பிடித்தால்தான் நீளத்துக்கு ஓடும் கோடுகள் தெரியும். நகத்தால் வருடினால் மெல்லத் தட்டுப்படும். ராங்கியிலிருந்து ஒரு போத்தல் செம்மண் நிறத் தண்ணீர் வந்தது.

நேற்று புதுக்குடியிருப்புச் சந்தையில் நிறுத்தி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து திருப்பினேன். சூட்டிலேயே, ஹீற்றர் விளக்கு அணைய முதலே பிடித்துவிட்டது.

அட்டன் தம்பி, ஹப்பைக் கழற்றினேன். இடப்பக்கம், அச்சு நுனியில் சில்லு திரும்புகிற உருண்டைக்குள் கிரீஸும் டிவ்ரன்சல் எண்ணெயும் கலந்து கஞ்சியாக இருக்கிறது. அச்சுக்குள் இருக்கும் எண்ணெய் சீல் போய்விட்டதுதானே? வலப்பக்கம் நல்லாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே மாற்றவா?

அட்டன் மலைக்காரன்:

ஆமாண்ணே, உள் சீல்தான். இரண்டையும் மாற்றுங்கள். கழட்டின கையோடு மேலும் கீழும் இருக்கிற பேரிங்கையும் பாருங்கள், அதற்கடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். எது மேலே, எது கீழே என்று கலந்துவிடாமல் தனித்தனியாகக் கட்டி வையுங்கள்.