வன்னி வெயிலில் பப் சான்ட்விச்: பாண் ஏன் ஊறுது?

குளக்கட்டு (கிளிநொச்சி):

வணக்கம். ஏ9 றோட்டுப் பக்கம் சின்னச் சாப்பாட்டுக் கடை. ஆடி, ஆவணியில லண்டன் ஆக்கள் பிள்ளையளோட வருவினம். பிள்ளையள் கேக்கிறது கொத்துறொட்டி இல்லை, அங்க பப் எண்ட மதுக்கடையளில குடுக்கிற சீஸ் அண்ட் பிக்கிள் சான்ட்விச். செய்து பாத்ததில மூண்டு பிழை. அரை மணித்தியாலத்தில கீழ்ப்பாண் ஊறிப் பிய்யுது. போத்தல் மாங்காய்ச் சட்னி போட்டால் இனிப்புத் தூக்குது. சீஸ் ருசியே தெரியேல்லை. பாவிக்கிறது அச்சுப்பாண், மாஜரின், துண்டு துண்டாச் சுத்தி வாற சீஸ், தக்காளி. முட்டையும் மாட்டிறைச்சியும் போடலாம் எண்டும் யோசினை. இறைச்சியோட அங்க வைக்கிற ஹோர்ஸ்ரடிஷ் எண்ட காரவேருக்குப் பதிலா முருங்கை வேர் சரிவருமோ?

பாலைமரம் (லண்டன்):

முதல்ல பாணைப் பாப்பம். போறணையால வந்த சூட்டோட வெட்டாதேங்கோ. உள்ளுக்கு மாப்பொருள் இன்னும் இறுகியிருக்காது; கத்தியில பசை மாதிரி ஒட்டும், அமத்தினால் களியாப் போகும். பின்னேரப் பாணை வாங்கித் துணியில சுத்தி வைச்சு, அடுத்தநாள் காலமை பல்லுக்கத்தியால ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில வெட்டுங்கோ. றோஸ்பாண் இதுக்குத் தோதில்லை, மேல்தோல் கூட. பணிஸ் இனிப்பு, அதுவும் வேண்டாம்.

மாஜரினை விட்டிட்டு உப்புப் பட்டர். பட்டர் ருசிக்கு மட்டுமில்லை, மழைக்கோட்டு வேலையும் அதுதான் செய்யுது. கரையில பூசாமல் விட்ட இடத்தாலதான் தண்ணி இறங்கும். ஒரு துண்டுக்கு 7, 8 கிராம், கரைவரைக்கும். ஆனால் வன்னி மத்தியான வெயிலில பட்டர் எண்ணெயா ஓடிவிடும். உருகின பட்டர் பாணுக்குள்ள இறங்கிப் போகுமே தவிர, மேல படையா நிக்காது. பிரிட்ஜால எடுத்துப் பத்து நிமிசத்தில, விரல் வைச்சால் பள்ளம் விழுற பதத்தில பூசுங்கோ.

உங்கட சீஸ் புரொசெஸ்ட் சீஸ். பாலாடைக்கட்டியை உருக்கி, உப்புகள் சேர்த்துத் திருப்பி இறுக்கினது. ருசி மட்டமாத்தான் இருக்கும். முழுக்கட்டியா வாற செடார் வேணும், முதிர்ந்தது கிடைச்சால் இன்னும் நல்லம். ஒரு சான்ட்விச்சுக்கு 60 கிராம். குளிர்ந்த சீஸ் வாயில பேசாது, பரிமாறக் கால் மணித்தியாலம் முந்தி வெளியில எடுங்கோ.

அடுக்குற ஒழுங்குதான் உங்கட முதல் பிழைக்கு மருந்து: பாண், பட்டர், சீஸ், பிக்கிள், சீஸ், பட்டர், பாண். பிக்கிள் ரெண்டு சீஸுக்கும் நடுவில இருக்க வேணும், பாணைத் தொடவே கூடாது. குவிச்ச ஒரு மேசைக்கரண்டி காணும். தக்காளியை உள்ளுக்கு வைக்காமல் பீங்கான் ஓரத்தில வையுங்கோ.

இதுக்கு மேல அலங்காரம் வேண்டாம். பழைய பப்புகளில குசினி பெரிசா இருக்கேல்லை. கவுண்டரில கண்ணாடி மூடிக்குக் கீழ சீஸ், வெங்காயம் வைச்ச றோல் நாலைஞ்சு, போத்தலில வினாகிரி முட்டை, அவ்வளவுதான். அந்த றோலுக்கு மிட்லண்ட்ஸில கொப், மன்செஸ்டரில பார்ம் எண்டு பேர். "உழவன் மதியச் சாப்பாடு" எண்டு பாண், சீஸ், பிக்கிள் வைச்ச தட்டைப் பழங்கால வழக்கம் மாதிரிச் சொல்லுவினம். பாணும் சீஸும் பழசுதான். ஆனால் அந்தப் பேர் பரவினது, 1954இல போர்க்காலச் சாப்பாட்டுப் பங்கீடு முடிஞ்ச பிறகு சீஸ் விக்கிற ஆக்கள் செய்த விளம்பரத்தால.

வினாகிரிப்போத்தல் (வவுனியா):

மாங்காய்ச் சட்னி பிக்கிளுக்கு ஈடில்லை. அந்தச் சான்ட்விச்சுக்கு அங்க போடுற பிரான்ஸ்டன் பிக்கிள் 1922இல, இங்கிலாந்தில பர்ட்டன் நகருக்குக் கிட்ட பிரான்ஸ்டன் எண்ட ஊரில தொடங்கினது. அதில மரக்கறித் துண்டுதான் பிரதானம், கடிபட வேணும். டர்னிப் மாதிரியான சுவீட் (swede) எண்ட கிழங்கு அதில போகும், எங்களுக்கு நோகோல் போதும்.

கரட் 250 கிராம், நோகோல் 250, சின்ன வெங்காயம் 200, கோலிபிளவர் 150. எல்லாம் அரை சென்ரிமீற்றர் துண்டு, அதுக்கு மேல போனால் சான்ட்விச்சால விழும். ரெண்டு மேசைக்கரண்டி உப்புப் பிரட்டி ஒரு இரவு வையுங்கோ. விடிய ஒரு கோப்பைக்கு மேல தண்ணி விட்டிருக்கும். அதை ஊத்திப்போட்டு, அலசி, துணியில இறுக்கிப் பிழியுங்கோ. இந்தப் படியை விட்டால் அந்தத் தண்ணி போத்தலுக்குள்ள இறங்கி, பிறகு உங்கட பாணுக்குத்தான் வரும்.

தென்னங்கள்ளு வினாகிரி 400 மில்லிலீற்றர், பனங்கட்டி 150 கிராம், விதை எடுத்த பேரீச்சம்பழம் 100 கிராம், துருவின ஒரு புளிமாங்காய், கடுகு ஒரு தேக்கரண்டி, கராம்பு மூண்டு. முதல்ல இதுகளைக் கால் மணித்தியாலம் கொதிக்க விட்டுப் பேரீச்சம்பழம் கரைஞ்ச பிறகு மரக்கறி. மெல்லிய நெருப்பில 40 நிமிசம். அகப்பையால அடியைக் கீறினால் கோடு உடன மூடாமல் ரெண்டு செக்கன் நிக்க வேணும். அலுமினியச் சட்டி கூடாது, வினாகிரி அரிச்சு உலோக ருசி ஏறும். எவர்சில்வர் அல்லது உள்பூச்சுள்ள சட்டி. கொதிநீரில போட்டெடுத்த கண்ணாடிப் போத்தல், பிளாஸ்ரிக் மூடி. மூண்டு கிழமை தொடாதேங்கோ. முதல் கிழமை ருசி பாத்துப்போட்டு "காடி நெடில்" எண்டு கொட்டினால் பிழை உங்களில.

நெடுங்கேணி_நொதியம்:

முருங்கை வேருக்கு ஹோர்ஸ்ரடிஷ் வாடை இருக்கிறது உண்மை, வெள்ளைக்காரர் முருங்கைக்கே "ஹோர்ஸ்ரடிஷ் மரம்" எண்டு பேர் வைச்சது அதாலதான். ஆனால் வேர்ப்பட்டையில நஞ்சான அல்கலொயிட்டு இருக்கு. பட்டையை முழுசா வழிச்செடுத்திட்டமா எண்டு எவர் பாக்கிறது? காசுக்கு விக்கிற சாப்பாட்டில, அதுவும் பிள்ளைத்தாச்சி வந்து சாப்பிடக்கூடிய இடத்தில, வேண்டவே வேண்டாம்.

கடுகு போதும். கடுகுக்குள்ள காரம் ஆயத்தமா இருக்கிறதில்லை. அரைச்சு ஈரம் பட்ட பிறகு நொதியம் வேலை செய்துதான் காரம் பிறக்கும். மூண்டு மேசைக்கரண்டி கடுகை மிக்சியில தூளாக்கி, அதே அளவு பச்சைத்தண்ணி விட்டுக் குழைச்சுப் பத்து நிமிசம் வையுங்கோ. அதுக்குப் பிறகுதான் உப்பும் வினாகிரியும். சுடுதண்ணி விட்டாலோ, வினாகிரியை முந்தி விட்டாலோ நொதியம் செத்துக் கசப்பு மட்டும் மிஞ்சும். எங்கட கடுகு மூக்கில அடிக்கும், இங்கிலீஸ் மஸ்ரட்டில வெள்ளைக்கடுகும் கலக்கிறதால நாக்கிலயும் நிக்கும். ஒரு சான்ட்விச்சுக்குக் கால் தேக்கரண்டி.

இறைச்சி எலும்பில்லாத் தொடைத்துண்டு. உள்ளுக்குச் சிவப்பாய் விடுற வெள்ளைக்காரரின்ர முறை இங்க வேண்டாம். மூடின சட்டியில மெல்லிய சூட்டில ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம். சூட்டோட வெட்டினால் நாராப் பிரியும். ஒரு இரவு பிரிட்ஜில வைச்சு, நாருக்குக் குறுக்கே ரெண்டு மில்லிமீற்றரில வெட்டுங்கோ.

பாலைமரம் (லண்டன்):

முட்டைக்கு: நாலு முட்டை, கொதிச்ச பிறகு பத்து நிமிசம், உடன பச்சைத்தண்ணி. கத்தியால கொத்துங்கோ, மசிச்சால் பேஸ்ற் ஆகிவிடும். மயோனேஸ் ரெண்டரை மேசைக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள், உப்பு. அங்க கிரெஸ் எண்ட முளைக்கீரை தூவுவினம். அதுக்குப் பதிலா நனைச்ச பஞ்சில கடுகைத் தூவி நிழலில வைச்சால் நாலைஞ்சு நாளில ரெண்டு இலை விரியும். கத்தரிக்கோலால நறுக்கிப் போடுங்கோ. முட்டைக் கலவைக் கோப்பை ஐசுக்கு மேல இருக்கட்டும். 32 பாகைக்கு மேல ஒரு மணித்தியாலம் வெளியில கிடந்தால் எறியுங்கோ, கரண்ட் நிண்ட நாளில செய்யவே வேண்டாம்.

குளக்கட்டு (கிளிநொச்சி):

நன்றி அண்ணை, எல்லாருக்கும். ஒண்டு மட்டும்: பிக்கிள் முதிர மூண்டு கிழமை. அதுவரைக்கும் சீனிச்சம்பல் வைச்சால்?

வினாகிரிப்போத்தல் (வவுனியா):

வைக்கலாம், செடாரோட நல்லாப் போகும். அங்கயும் வெங்காயச் சட்னி வைக்கிறவை. எண்ணெயை வடிச்செடுங்கோ, மாசி இல்லாமல் செய்யுங்கோ. ஆனால் பலகையில "சீஸ், சீனிச்சம்பல்" எண்டே எழுதுங்கோ; பிக்கிள் எண்டு எழுதினால் பிள்ளையள் முகத்தைச் சுளிப்பினம். பக்கத்தில மரவள்ளிப் பொரியல் ஒரு கைபிடி, கிரிஸ்ப்ஸ் பக்கற் தேவையில்லை.

விரதகாரர் வந்தால் சீஸ் உறையைப் பாருங்கோ. கன்றின்ர இரைப்பை ரெனெட் போட்டு உறைய வைச்ச சீஸும் இருக்கு. பலகையும் கத்தியும் அவைக்கு வேற.