புதுப்பிப்பு: உதைபந்தாட்டக் குழுவின் வட்ஸ்அப்பில் தூஷணம் குறைந்த விதம்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. முந்தி நான் கேட்டது இதுதான்: திருகோணமலை உவர்மலையில் எங்கள் பொடியன்களின் உதைபந்தாட்ட வட்ஸ்அப் குழுவில், தோற்ற இரவென்றால் தூஷணமும் தாயை இழுத்து ஏச்சும். எப்படி நிறுத்துவது?

பலர் சொன்னபடி முதலில், அட்மின் என்ற முறையில் கெட்ட செய்திகளை அழித்தேன். பிழைத்துப் போனது. அழித்த இடத்தில் எந்த அட்மின் அழித்தார் என்று வட்ஸ்அப் காட்டிவிடும்; அது எனக்குத் தெரியாது. "அண்ணா, நீங்கள் அவன்ட பக்கமா?" என்று சண்டை என்னிடம் திரும்பியது. சொற்களைத் தானாக வடிகட்டும் வசதியும் அங்கே இல்லை. இருந்தாலும் என்ன, எங்கள் ஆட்கள் ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள்.

சரிவந்தது மட்டக்களப்புத் தம்பி சொன்ன வழி. மட்ச் முடிந்ததும் 'அட்மின்கள் மட்டும் எழுதலாம்' என்று மாற்றி, விடியத் திறந்துவிடுவது. நாலு மட்சாகச் செய்கிறேன். போன கிழமை மூன்று கோல் விட்ட கீப்பருக்குக் காலையில் வந்த முதல் செய்தி: "மச்சான், கை நோ எப்படி?"

எதிர்பாராத ஒன்று: பூட்டிய இரவில் ஒருவன் எனக்குத் தனியாகக் குரல் பதிவில் ஏசினான். முழுதும் கேட்டேன், பதில் போடவில்லை. மறுநாள் தானே அழித்துவிட்டான்.

'வாடா போடா'வை மட்டும் தடுக்கவில்லை. எங்களுக்குள் அது ஏச்சே இல்லை.