மலைக்கிட்ட இறங்கும்போது "புல் அப்" என்று கத்தினால் விமானி என்ன செய்வார்?

கேள்வி: கோண்டாவில் பறவை

வணக்கம். வீட்டுக் கொம்பியூட்டரில் சிமுலேட்டர் ஓட்டுகிற ஆள் நான். பலாலியில் ஏடிஆரை (சின்னப் பயணிகள் விமானம்) இறக்கிப் பழகியாச்சு, சுற்றிவரப் பனையும் தோட்டமும் கடலும்தானே, ஒரு சோலியும் இல்லை. இப்போது காத்மாண்டுவைப் பிடித்திருக்கிறேன். தெற்குப் பக்க மலையைத் தாண்டின உடனே கிடுகிடுவென்று இறங்க வேண்டும், ஓடுபாதை கண்ணுக்கு முன்னால் தெரிகிறபோதே, தரை கிட்ட வருகிறது என்று எச்சரிக்கிற கருவி "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்" (நிலம், நிலம், மேலே தூக்கு) என்று கத்தத் தொடங்கிவிடுகிறது. நான் அதைக் கணக்கெடுக்காமல் இறக்கிவிடுவேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. உண்மையான விமானிகளும் இப்படித்தானா? மலை ஒரு பக்கம்தானே நிற்கிறது, மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போனால் என்ன?

பதில்: பழைய வயர்க்காரன்

தம்பி, விமானத்தின் மின்கருவிப் பக்கம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சத்தம் இரண்டு வகை. மஞ்சள் விளக்கோடு வருவது முன்னறிவிப்பு, இப்படியே போனால் ஒரு நிமிடத்தளவில் மலை என்று அர்த்தம், இறக்கத்தை நிறுத்திப் பாதையைச் சரிபார்க்க நேரம் இருக்கிறது. சிவப்பில் "புல் அப்" வந்தால் அரை நிமிடம்தான், அதிலே யோசிக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. ஓட்டோபைலட்டைக் கழற்றி, எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, இறக்கையைச் சமப்படுத்தி, மூக்கைத் தூக்க வேண்டும். போயிங்கில் முதலில் 20 பாகை. வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் எழுப்புகிற தகடு, அதாவது ஸ்பீட் பிரேக், வெளியே நின்றால் உள்ளே தள்ள வேண்டும். சில்லையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்பக்க மடல்) மலை தாண்டும்வரை தொடக்கூடாது.

திருப்பினால் என்ன என்று கேட்டீர்கள். சரித்துத் திருப்பும்போது இறக்கையின் தூக்குவிசை பக்கவாட்டுக்கும் போய்விடும், மேலே ஏறுவது குறையும். அதனால்தான் முதலில் சமப்படுத்தச் சொல்கிறார்கள்.

விதிவிலக்கு உண்டு. பட்டப்பகலில், மலை எங்கே தான் எங்கே என்று சந்தேகமே இல்லாமல் கண்ணால் கண்டால் தொடரலாம். இரவிலும் முகிலுக்குள்ளும் அந்தக் கதையே இல்லை.

பதில்: மஸ்கெலியாப் பொடியன்

நான் மலைநாட்டான், இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தங்கிப் படிக்கிறேன். எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்னும் கதைக்கிற விபத்து ஒன்று இருக்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கட்டுநாயக்கா விமான நிலையம் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்துத் தாழ இறங்கி, சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்கு மூன்று நாள் முன்னர்தான் அமெரிக்காவில் டிடபிள்யூஏ 514 என்ற பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் போனார்கள், அதன் பிறகுதான் அங்கே இந்தக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள்.

பதில்: சும்மா ஒருத்தன்

எல்லாம் சரி, ஆனால் இது பொய்யாகவும் கத்துமே. இப்போது சில நாடுகளின் வான்பரப்பில் ஜிபிஎஸ்ஸைக் குழப்புகிறார்களாம், கடலுக்கு மேலே நல்ல உயரத்தில் போகிற விமானத்துக்கும் "புல் அப்" வருகிறதாம். அதற்கும் மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா?

பதில்: பழைய வயர்க்காரன்

உயரத்தில் போகும்போது வருவது வேறு விசயம், அது பொய் என்று உறுதிசெய்ய வழி இருக்கிறது. இறங்கும்போது, அதுவும் மலைக்கிட்ட, கருவி பிழை என்று முடிவுகட்டினவர்களைப் பாருங்கள். 2012இல் இந்தோனேசியாவின் சலக் மலையில், காட்சிப் பறப்புக்குப் போன சுகோய் சூப்பர்ஜெட் எச்சரித்துக்கொண்டே இருந்தது, தரவுத்தளத்தில்தான் கோளாறு என்று நினைத்து அணைத்துவிட்டார்கள். 45 பேர் போய்விட்டார்கள்.

கொலம்பியாவின் காலி நகர விபத்து இன்னொரு மாதிரி. 1995, போயிங் 757, இரவு. அந்தக் காலத்துக் கருவி ரேடியோ உயரமானியை வைத்து நேர்கீழே மட்டும் பார்க்கும், முன்னால் நிற்கிற மலை அதற்குத் தெரியாது, அதனால் மோதுவதற்குப் பத்துப் பன்னிரண்டு செக்கன் முன்னர்தான் கத்தியது. விமானிகள் உடனே முழு விசை கொடுத்து மூக்கைத் தூக்கினார்கள். ஆனால் இறங்குவதற்காக வெளியே எடுத்த ஸ்பீட் பிரேக் அப்படியே நின்றது. 159 பேர். அதை உள்ளே தள்ளியிருந்தால் தப்பியிருக்கவும் கூடும் என்றுதான் பிறகு கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஜிபிஎஸ்ஸோடு நில வரைபடமும் சேர்த்து முன்னால் பார்க்கிற புதுக் கருவி அதற்குப் பிறகுதான் பரவலாக வந்தது.

கோண்டாவில் பறவை, நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குகிறீர்கள்?

பதில்: கோண்டாவில் பறவை

2,000க்கு மேல் அண்ணை, சிலவேளை 2,500. மலையைத் தாண்டும்போது சரியான உயரத்தில் நிற்கிறேன், அதுதான்.

பதில்: பழைய வயர்க்காரன்

அப்படியென்றால் அது சும்மா கத்தவில்லை. காத்மாண்டுவில் பழைய விஓஆர் வழி (தரையிலுள்ள வானொலி நிலையத்தைப் பிடித்து இறங்குவது) 5 பாகைக்கு மேல் சாய்வு, வழக்கமானது 3தான். என்றாலும் ஏடிஆரின் வேகத்துக்கு நிமிடத்துக்கு 1,100, 1,200 அடி போதும். மலைக்கு முன்னமே சில்லு, ஃபிளாப் எல்லாம் இறக்கி வேகத்தைக் குறைத்துவிட்டு வாருங்கள். பிறகும் கத்தினால் மேலே போய்ச் சுற்றிக்கொண்டு வாருங்கள், எரிபொருள் உங்களுக்கு இலவசம்தானே.