அம்மாவுக்குச் சுகர் ஏறவில்லை, இறங்கியிருந்தது

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. லேபில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தம் கொடுப்பார், இரண்டுமே பரவாயில்லாமல்தான் இருக்கும். ஆனால் சில நாள் மதியச் சமையல் முடிவதற்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார். அக்கம்பக்கத்தில் கேட்டால் "சுகர் ஏறியிருக்கும், சோற்றைக் குறைங்க" என்பார்கள்.

வீட்டிலேயே சுகர் பார்க்கும் மெஷின் வாங்கிய பிறகு ஒரு ஏகாதசி அன்று அதே நடுக்கம். மாத்திரை போட்டிருந்தார், பலகாரம் சாப்பிடவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் 58! 70-க்குக் கீழே போனாலே தாழ்நிலை. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 94. அப்புறம்தான் சாப்பாடு.

அதிலிருந்து நோட்டில் நேரம், என்ன சாப்பிட்டார், எண் மூன்றையும் எழுதி வைத்தோம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மாத்திரையின் அளவைக் குறைத்தார். இந்த மாத்திரை போட்டால் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு இறங்குவது காலை லேப் சோதனையில் எப்படித் தெரியும்? மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யிலும் இது அமுங்கிப் போய்விடுகிறது. உடம்பு ஒரு மாதிரி இருக்கும் அந்த நேரத்திலேயே குத்திப் பார்த்துவிடுங்கள்.

* * *

அக்கா, நல்ல வேளை பார்த்தீர்கள். எங்கள் வீட்டில் நேர்மாறு. அப்பாவுக்கு ஒருநாள் திடீரென 268 காட்டியது. கொஞ்சம் முன்னால்தான் பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 151. பழச்சாறு ஒட்டிய விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும். பயந்துபோய் இன்சுலினைக் கூட்டிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

* * *

நான் நர்ஸாக வேலை பார்க்கிறேன். விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று பிழிந்து எடுக்க வேண்டாம், கையைத் தொங்கவிட்டு உதறினாலே வந்துவிடும். ரத்தத்தைத் தொட்டு மெஷினில் பார்க்கும் பட்டை இருக்கிறதே, அந்த ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் டப்பாவை மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். மழைக்காலத்தில் சமையலறையில் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, லேபில் 180, வீட்டில் 195 என்று வந்தால் மெஷின் மோசம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 100-க்கு மேல் 15 சதவீதம் வரை ஏற இறங்கக் காட்டுவதை ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமே ஏற்றுக்கொள்கிறது. 58 மாதிரி எண் வந்தால் மட்டும் மெஷின் சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல், நினைவு இருக்கும்போதே குளுக்கோஸ் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-க்கு அடியுங்கள்.