நாலு பேர், ஒரு எக்செல் ஷீட், நடுவில் நான்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். யார் எங்கே போய் வந்தாலும் டிக்கெட், லாட்ஜ் பில், டாக்சி ரசீது, போர்டிங் பாஸ் எல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிப் பிடுங்கி நகம் தேய்ந்ததுதான் எனக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு. நானாக ஏறியது இரண்டே தடவை. இந்தத் தகுதியை வைத்துத்தான் 2023 ஜனவரியில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள்.

பந்தயம் இதுதான். அந்த ஒரு வருஷத்தில் விமானத்தில் யார் அதிக மைல் பறக்கிறார்களோ அவருக்கு மற்ற மூன்று பேரும் சேர்ந்து ஒகேனக்கல்லில் மீன் சாப்பாடும் பரிசல் சவாரியும். ஆபீஸ் வேலையாகப் போனாலும் சரி, சொந்தக் காசில் போனாலும் சரி. போட்டியில் நாலு பேர்: ஏற்றுமதி மேலாளர் சார், தரக்கட்டுப்பாட்டு மேடம், கொள்முதல் அண்ணன், பாய்லர் பக்கம் இருக்கிற தர்மபுரிப் பையன். பையனைச் சேர்த்தது வெறும் தலைக்கணக்குக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ரயில் நிலையமே இல்லாத ஊர் எங்களுடையது. ரயில் ஏற தர்மபுரிக்கோ ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ போகவேண்டும். விமானம் ஏற ஓசூர் தாண்டி, பெங்களூரைக் குறுக்கே கடந்து, தேவனஹள்ளிக்கு. வழியில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டால் போச்சு. "இங்கேருந்து ஏர்போர்ட் போற மைலையும் சேர்த்தா நான் இப்பவே ஜெயிச்சிட்டேன்" என்று கொள்முதல் அண்ணன் முதல் நாளே ஆரம்பித்தார்.

முதல் சண்டை மைல் என்றால் என்ன என்பதில். விமானிகள் பேசும் வீடியோக்களை விடாமல் பார்க்கிற பையன், "வானத்துல நாட்டிகல் மைல்தான் சார்" என்றான். நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதா மைல் 1.609. எதை எடுத்தாலும் எல்லாருக்கும் ஒரே வகுத்தல்தானே, வரிசை மாறாதே என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இரண்டு ரவுண்டு டீ ஆன பிறகு சாதா மைல் என்று முடிவானது.

அடுத்தது மேலாளர் சார் கொண்டுவந்தது. போனை நீட்டி, விமான நிறுவனத்தின் ஆப்பில் தன் கணக்கில் இருக்கும் மைலைக் காட்டினார். நான் பார்த்த தூரத்தைவிட அது எங்கேயோ இருந்தது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த மைல் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் பறந்த தூரத்துக்குத்தான் மைல் கொடுத்தார்கள். இப்போது பல நிறுவனங்களில் கொடுத்த காசுக்குத்தான் மைல். கிரெடிட் கார்டில் மளிகை வாங்கினாலும் மைல் ஏறுகிறது. அரிசி மூட்டை பறந்ததாகக் கணக்கு வைக்க முடியாது என்று தள்ளிவிட்டேன். இதுதான் என் முதல் தீர்ப்பு. அவர்தான் என் லீவு லெட்டருக்குக் கையெழுத்துப் போடுகிறவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனவே, ஏர்போர்ட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு உருண்டை பூமியின் மேல் நேர்த்தூரம். பெங்களூர்–துபாய் 1,674. பெங்களூர்–டெல்லி 1,062. பெங்களூர்–பம்பாய் 518. எக்செல்லில் போட்டுச் சுவரில் ஒட்டினேன். துபாய் உணவுக் கண்காட்சிக்கு பிப்ரவரியில் சாரும் மேடமும் போய் வந்தார்கள். சமம். அப்புறம் மே மாதம் வந்துவிட்டது. மே முதல் ஜூலை வரை எங்களுக்கு மேலே பார்க்கவே நேரம் கிடையாது. கேட்டுக்கு வெளியே பெங்களூரா ரக மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஷீட்டின் மேல் யாரோ டிரம் லேபிளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆகஸ்டில் கொள்முதல் அண்ணன் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்வந்து, திரும்பும்போது பெங்களூருக்கு மேலே விமானம் நாற்பது நிமிஷம் வட்டமடித்ததாகவும் அந்த மைலையும் சேர்க்கவேண்டும் என்றும் கேட்டார். மேலாளர் சார் மேஜையைத் தட்டி, "போர்டிங் பாஸ்ல என்ன அச்சாகியிருக்கோ அதுதான் கணக்கு. சுத்தினது, நெளிஞ்சது எல்லாம் கிடையாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஷீட்டின் அடியில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். இந்த வரியை மறக்காதீர்கள்.

என் தவறு ஒன்றும் உண்டு. அந்தச் சிங்கப்பூர்த் தூரத்தை 3,178 என்று போட்டிருந்தேன். அது கிலோமீட்டர். மைலில் 1,975தான். போக, வர இரண்டுக்கும் சேர்த்து 2,406 மைல் இனாம். கொள்முதல் அண்ணன் இரண்டு மாதமாக முதல் இடத்தில் இருந்தார். டீக்கடையில் அவருக்குத் தனி மரியாதை. பையன்தான் கண்டுபிடித்தான். "சார், டெல்லி போய்ட்டு வந்தா ரெண்டாயிரம், சிங்கப்பூர் ஆறாயிரமா?" என்று மெதுவாகக் கேட்டான். அழித்து எழுதும்போது கை கூசியது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தூரங்களை இரண்டு பேரை வைத்துச் சரிபார்த்தேன்.

அக்டோபரில் மேலாளர் சார் ஜெர்மனியில் கொலோன் கண்காட்சிக்குப் போனார். இங்கே ஒரு வேடிக்கை. பெங்களூரிலிருந்து பிராங்பர்ட் நேராகப் போனால் சுமார் 4,600 மைல். டெல்லி வழியாகப் போனால் 1,062-ம் 3,803-ம் சேர்ந்து 4,865. டிக்கெட்டும் அன்றைக்கு டெல்லி வழியில் மலிவாக இருந்தது. ஆகவே நான் பில்லில் குற்றம் சொல்ல வழியில்லை. சுற்றிப் போகிறவனுக்கு லாபம் என்பது இந்தப் பந்தயத்தின் ஓட்டை.

ஆனால் திரும்பும்போது பெங்களூரில் இடியும் மழையும். டெல்லியிலிருந்து வந்த விமானத்தைச் சென்னைக்குத் திருப்பிவிட்டார்கள். உள்ளேயே உட்கார வைத்து, மழை விட்டபிறகு பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். டெல்லி–சென்னை 1,094, சென்னை–பெங்களூர் 166. அதாவது 198 மைல் கூடுதல். "நான் நெஜமாவே சென்னையில எறங்கினேன்யா" என்றார். சக்கரம் தரையில் பட்டது உண்மைதான். நான் சிவப்பு மை வரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "நான் சொன்னதா இது?" என்றார்.

டிசம்பர் கடைசியில் சார் 15,150-ல் முன்னால் நின்றார். மேடம் நவம்பரிலேயே மகளைப் பார்க்க பெங்களூரிலிருந்து நிற்காத விமானத்தில் சான்பிரான்சிஸ்கோ போயிருந்தார். ஒரு வழி 8,692. அதோடு அவர் கணக்கு 14,164. இந்தத் தூரத்தைப் பையன் நம்பவில்லை. என் மகளின் பள்ளிக்கூட உலக உருண்டையைக் கொண்டுவந்து, தையல் நூலின் ஒரு முனையைப் பெங்களூரிலும் மறுமுனையைக் கலிபோர்னியாவிலும் கட்டை விரலால் அழுத்தி இழுத்தேன். பசிபிக் கடல் மேல் வைத்த நூல், இறுக்க இறுக்கத் தானாக வழுக்கி வடக்கே ஏறியது. மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா என்று போய் இறங்கியது. எல்லாரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வருஷம் முழுக்க நான் நடுவராக மதிக்கப்பட்டது அந்த இரண்டு நிமிஷம்தான்.

மேடம் திரும்பிவந்து கொடுத்த போர்டிங் பாஸில் தேதி டிசம்பர் 31. இரவு 9 மணி. அந்த நேரம் கிருஷ்ணகிரியில் ஜனவரி 1, காலை 10.30. அதைச் சேர்த்தால் அவருக்கு 22,856. சேர்க்காவிட்டால் சாருக்கு மீன்.

"நம்ம ஊர்ப் பந்தயம், நம்ம ஊர் நேரம்தான்" என்றார் சார். "எறங்கினது ரெண்டாம் தேதி. பறந்தது பூரா அடுத்த வருஷத்துல." வாதம் மோசமில்லை. இதைத் தொடங்குமுன்பே எழுதி வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. இப்போது எப்படி எழுதினாலும் ஒருவர் முகத்தைப் பார்த்து எழுதியதாக ஆகும். ஒரு பக்கம் லீவு லெட்டர், இன்னொரு பக்கம் மேடம் வருஷா வருஷம் கொடுக்கிற ஆவக்காய் ஊறுகாய். ஒரு ராத்திரி யோசித்தேன். புது விதி ஒன்றும் போடக்கூடாது, ஏற்கெனவே சிவப்பில் இருக்கிற வரியை மட்டும் படிப்பது என்று முடிவு செய்தேன். அச்சாகியிருப்பது டிசம்பர் 31. மேடம் ஜெயித்தார்.

*

தர்மபுரியிலிருந்து

பந்தயத்தில் கடைசி இடம் அந்தப் பாய்லர் பையன், நான்தான். 667 மைல். ஐதராபாத் ஒரு தடவை போய்வந்தது 566. மீதி 101 எப்படி வந்தது என்பதை நடுவர் சார் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

2023 அக்டோபரில் சேலம் விமான நிலையத்துக்கு மறுபடி விமானம் விட ஆரம்பித்தார்கள். பேர்தான் சேலம், இருப்பது ஓமலூர் பக்கம் காமலாபுரம். எங்கள் ஊரிலிருந்து தொப்பூர் இறங்கினால் வந்துவிடும். சேலம்–பெங்களூர் டிக்கெட் போட்டேன். வேலை ஒன்றும் கிடையாது, மைலுக்காக மட்டும். காலையில் பஸ் தொப்பூர்க் கணவாயில் மாட்டி முக்கால் மணி நேரம் நின்றது. ஒரு லாரி கவிழ்ந்திருந்தது. விமானத்தை விட்டுவிடுவேனோ என்று வயிறு கலங்கிவிட்டது.

இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். இடது பக்க ஜன்னல் கேட்டு வாங்கினேன். ஏறின கொஞ்ச நேரத்தில் மேட்டூர் அணைத் தண்ணீர் தகடு மாதிரி விரிந்து கிடந்தது. கீழே பார்த்தால் அதே தொப்பூர், அதே வளைவு, லாரிகள் இன்னும் நகரவில்லை. அப்புறம் எங்கள் மாவட்டத்தின் மேலேயே பறந்தோம். பாலக்கோடு எது, பென்னாகரம் எது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே இறங்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

தேவனஹள்ளியிலிருந்து பஸ் மாறி மாறி வீடு வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது.

"எங்கடா போன?" என்றார் அம்மா.

"பெங்களூரு."

"எதுக்கு?"

"திரும்பி வர்றதுக்கு."

ஓசூரில் வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் வரப்போகிறது என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தபோது அம்மா டி.வி.யைக் காட்டி, "உனக்குத்தான் கட்றாங்க போல" என்றார்.

*

ஜெயித்த மேடம்

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நானும் ஒன்று சேர்க்கவேண்டும். அந்தத் தேதி விஷயத்தில் நான் எதையும் திட்டமிடவில்லை. மகள் போட்ட டிக்கெட். 31 இரவு என்றால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று போட்டாள்.

எனக்கு அந்த வருஷம் ஜனவரி 1 என்று ஒரு நாளே கிடையாது. 31 ராத்திரி ஏறினேன், பதினேழு மணி நேரம் போல உட்கார்ந்திருந்தேன், இறங்கினால் 2-ந்தேதி விடியற்காலை. இடையில் எந்த நேரத்தில் வருஷம் பிறந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் தன் கைக்கடிகாரப்படி பன்னிரண்டு அடித்தபோது எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான் புத்தாண்டு. இந்தத் தடத்தில் 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் விமானத்தைப் பெண் விமானிகளே ஓட்டிவந்தார்கள் இல்லையா, அவர்களும் 9-ந்தேதி இரவு கிளம்பி 11-ந்தேதி அதிகாலைதான் பெங்களூரில் இறங்கினார்கள். அதை யாராவது 11-ந்தேதி விமானம் என்றா எழுதினார்கள்? மேலாளர் சாரிடம் இதைச் சொன்னபோது, "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

ஒகேனக்கல்லில் மீனைப் பொரித்துக்கொடுத்த அக்கா காரம் தூக்கலாகப் போட்டிருந்தார், பிரமாதம். பரிசலில் சார் ஏறமாட்டேன் என்று கரையிலேயே நின்றுவிட்டார். இத்தனை ஆயிரம் மைல் பறந்தவருக்குத் தண்ணீர் என்றால் பயமாம்.

*

மறுபடி நடுவர்

ஊறுகாய் விஷயத்தை எழுதியதற்கு மேடம் கோபிக்காததால் நிம்மதி. பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு லெட்டரைக் கொண்டுபோய் நீட்டினேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். தேதியின் மேல் பேனா முனையை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது கெளம்பற தேதியா, போய்ச் சேர்ற தேதியா?"

"கிளம்பற தேதி சார்."

"எந்த ஊர் நேரம்?"

கையெழுத்துப் போட்டுவிட்டார். பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு டிக் அடித்திருந்தார்.